பெட்டா மீனை விடுவதற்கு முன் தொட்டியைச் சைக்கிள் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகப் பெட்டா வளர்க்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றித்தான் வருகின்றன: தொட்டி வாங்கியாகிவிட்டது, தண்ணீர் நிரப்பியாகிவிட்டது, மீனை எப்போது விடலாம்? அந்த ஐயங்களை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் வருபவை அடிப்படையானவை. பின்னால் வருபவை பாதி வழியில் சிக்கிக்கொண்டவர்களுக்கு. மீன் ஏற்கெனவே தொட்டிக்குள் இருக்கிறது என்றால் மற்றதையெல்லாம் பிறகு படிக்கலாம். நேராக 16-ஆம் கேள்விக்குப் போங்கள்.

1. சைக்கிளிங் என்றால் என்ன? தண்ணீரை ஊற்றி ஒரு வாரம் வைத்தால் போதாதா?

மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. கழிவும், தின்னாமல் மிஞ்சிய தீனியும் அழுகும்போது இன்னும் அம்மோனியா சேர்கிறது. பெரிய நீர்நிலையில் அது கரைந்து பரவிவிடும். 20 லிட்டர் தொட்டியில் அது போக வழியில்லை. செவுளையும் தோலையும் அரிக்கத் தொடங்கும்.

இந்த அம்மோனியாவையே உண்டு வாழும் பாக்டீரியா உண்டு. ஒரு வகை அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான், அது ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் குறைந்த அளவில் மீனுக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. வாரந்தோறும் தண்ணீர் மாற்றும்போது வெளியேறிவிடும். இந்த இரு வகை பாக்டீரியாவும் போதுமான அளவு பெருகும்வரை, மீன் இல்லாத தொட்டியில் அவற்றுக்கு அம்மோனியா கொடுத்து வளர்ப்பதுதான் சைக்கிளிங். வெறும் தண்ணீரில் அவற்றுக்கு உணவு கிடையாது. ஒரு மாதம் நிறுத்தி வைத்தாலும் அது புதுத் தொட்டிதான்.

2. கடையில் சின்னக் கோப்பையில்கூட பெட்டா உயிரோடுதானே இருக்கிறது? அதற்குப் போய் இவ்வளவு ஏற்பாடா?

பெட்டாவின் தலைக்குள், செவுளுக்கு மேலே, லேபிரிந்த் என்ற தனி மூச்சு உறுப்பு இருக்கிறது. நீர்ப்பரப்புக்கு வந்து அது காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் மற்ற மீன்கள் மடியும் இடத்தில் பெட்டா தாக்குப்பிடிப்பது இதனால்தான். ஆனால் அம்மோனியாவிலிருந்து காப்பாற்ற இந்த உறுப்பால் முடியாது. காற்றைச் சுவாசித்தாலும் செவுளும் தோலும் துடுப்பும் அந்தத் தண்ணீரில்தான் ஊறிக்கொண்டிருக்கின்றன.

கோப்பை என்பது விற்கும்வரை வைத்திருக்கும் ஏற்பாடு. அந்தச் சில நாட்களைத் தாங்கியதை வைத்து வாழ்நாள் முழுவதும் தாங்கும் என்று முடிவு செய்வது மீனுக்கு இழைக்கும் அநீதி. இயற்கையில் அது சின்னக் குட்டையில்தானே வாழ்கிறது என்றும் சொல்வார்கள். தாய்லாந்தின் வயல்களும் சதுப்புகளும் ஆழம் குறைந்தவை, ஆனால் பரப்பு மிகப் பெரியவை, செடிகள் நிறைந்தவை. நல்ல பராமரிப்பில் பெட்டா மூன்று ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும் வாழும். “ஒரு மாதத்திலேயே ஏனோ இறந்துவிட்டது” என்கிறவர்களிடம் அந்த மாதத்தில் அம்மோனியா எவ்வளவு இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் யாரும் அளந்திருப்பதில்லை.

3. மொத்தம் எத்தனை நாள் ஆகும்?

பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம். குளிர்ந்த தண்ணீரில் இன்னும் நீளும். பழைய தொட்டியின் ஃபில்டர் ஸ்பாஞ்ச் கிடைத்தால் வெகுவாகக் குறையும் (14-ஆம் கேள்வி). அழுகலில் வளரும் சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்துக்குள்கூட இரட்டிப்பாகிவிடும். நமக்கு வேண்டியவை ஒருமுறை இரட்டிப்பாகவே பல மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்கு மேல்கூட எடுத்துக்கொள்ளும். அவசரப்படுத்த வழி அதிகமில்லை.

நாட்காட்டியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். “ஆறு வாரம் ஆகிவிட்டது, மீனை விட்டுவிட்டேன்” என்பது எனக்குக் கவலை தரும் வாக்கியம். தொட்டி தயாரா என்பதை டெஸ்ட் கிட்டில் வரும் எண்தான் சொல்ல வேண்டும்.

4. தொடங்குவதற்கு என்னென்ன வேண்டும்?

20 லிட்டர் அல்லது அதற்கு மேல் கொள்ளும் தொட்டி, மூடி, ஸ்பாஞ்ச் ஃபில்டரும் அதை இயக்க ஏர் பம்பும், தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர், தெர்மாமீட்டர், குளோரின் நீக்கும் மருந்து, அம்மோனியா–நைட்ரைட்–நைட்ரேட்–பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு; எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) நான்கையும் அளக்கும் டெஸ்ட் கிட். பெட்டா தன் நீண்ட துடுப்புகளோடு வேகமான நீரோட்டத்தில் திணறும் என்பதால் ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பரிந்துரைக்கிறேன். அதன் துளைகளில் பாக்டீரியா குடியேற இடமும் தாராளம்.

பாக்டீரியா தண்ணீரில் மிதந்து வாழ்வதில்லை. ஸ்பாஞ்ச், சரளைக்கல், கண்ணாடி என்று ஏதாவதொரு பரப்பில் ஒட்டிக்கொண்டே வாழ்கிறது. ஆகவே ஃபில்டர் இரவும் பகலும் ஓட வேண்டும். ஹீட்டரை 27 அல்லது 28 டிகிரி செல்சியஸில் வையுங்கள். பாக்டீரியாவுக்கும் நல்லது, பின்னால் வரப்போகும் பெட்டாவுக்கும் அதே வெப்பம் ஒத்துவரும். விளக்கு தேவையில்லை. செடி இல்லாத தொட்டியில் விளக்கெரித்தால் பாசிதான் வளரும்.

5. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடுமே, மருந்து எதற்கு?

குளோரின் மட்டும் கலந்த தண்ணீர் என்றால், ஒரு நாள் திறந்து வைத்தால், அதிலும் ஏர் பம்ப் ஓடினால், பெரும்பாலும் போய்விடும். சில குடிநீர் வழங்கல்களில் குளோரினும் அம்மோனியாவும் இணைந்த குளோரமின் சேர்க்கிறார்கள். அது நாள்கணக்கில் அப்படியே நிற்கும். இரண்டுமே பாக்டீரியாவைக் கொல்வதற்காகச் சேர்க்கப்படுபவை. நாம் வளர்க்க நினைப்பதும் பாக்டீரியாதான்.

மருந்து குளோரமினை உடைக்கும்போது அதற்குள் இருந்த அம்மோனியா தண்ணீரில் தங்கும். புதுத் தண்ணீர் ஊற்றியதும் கொஞ்சம் அம்மோனியா தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே முதல் நாளே உங்கள் குழாய்த் தண்ணீரைத் தனியாகச் சோதித்து, அதன் எண்களை எழுதி வையுங்கள். சில ஊற்றுகளில் நைட்ரேட் முன்பே இருக்கும்; அது தெரியாமல் “நைட்ரேட் வந்துவிட்டது, சைக்கிள் முடிந்தது” என்று ஏமாறுகிறவர்கள் உண்டு.

6. மீன் இல்லாமல் அம்மோனியாவுக்கு எங்கே போவது?

மூன்று வழிகள். மிகத் துல்லியமானது அம்மோனியம் குளோரைடு உப்பு. ஒரு லிட்டரில் 1 பிபிஎம் (அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம்) அம்மோனியா வர ஏறக்குறைய 3 மில்லிகிராம் உப்பு வேண்டும். 20 லிட்டரில் 2 பிபிஎம் என்றால் 120 மில்லிகிராம் அளவில். இவ்வளவு சிறிய எடையை நிறுக்க முடியாவிட்டால் 6 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 மில்லிலிட்டர் எடுத்தால் அந்த 120 மில்லிகிராம் கிடைத்துவிடும்.

அடுத்தது திரவ அம்மோனியா. தண்ணீரும் அம்மோனியாவும் தவிர வேறெதுவும் அதில் இருக்கக் கூடாது. மணமோ நிறமோ சோப்போ சேர்ந்திருந்தால் வேண்டாம். பாட்டிலைக் குலுக்கினால் நுரை அடங்காமல் நின்றால் சோப்பு கலந்திருக்கிறது என்று பொருள். செறிவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும் என்பதால் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளந்து பாருங்கள். ப்ளீச்சிங் திரவத்தின் அருகில்கூட இதைக் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சு வாயு எழும்.

மூன்றாவது, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடுவது. இது நடக்கும், ஆனால் மெதுவாக நடக்கும். எவ்வளவு அம்மோனியா வருகிறது என்பது நம் கையில் இருக்காது. இறால் துண்டைப் போட்டு வைப்பதும் இதே வகைதான். நாற்றத்துக்கும் பூஞ்சைக்கும் தயாராக இருந்தால் செய்யலாம்.

7. எவ்வளவு போட வேண்டும்? எப்போது திரும்பப் போட வேண்டும்?

முதல் நாள் 2 பிபிஎம் வரும்வரை சேர்த்துவிட்டு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்து வாருங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் எதுவும் மாறாதது போலத் தோன்றும். பிறகு அம்மோனியா இறங்கும், நைட்ரைட் எட்டிப் பார்க்கும். அம்மோனியா 0.5-க்குக் கீழே வந்ததும் மீண்டும் சேருங்கள், ஆனால் இம்முறை 1 பிபிஎம் போதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இதைத் தொடருங்கள். நைட்ரைட் ஏறும், பல நாள் உயரத்திலேயே நிற்கும், பிறகு ஒருநாள் சட்டென்று விழும். நைட்ரேட் அதற்குள் ஏறியிருக்கும்.

அதிகம் போட்டால் சீக்கிரம் முடியும் என்று 5 பிபிஎம்முக்கு மேல் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அளவில் அம்மோனியாவே பாக்டீரியாவின் வேலையை, முக்கியமாக இரண்டாம் வகையின் வேலையைத் தடுக்கிறது. தவறிக் கூடிவிட்டால் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். பாக்டீரியா பரப்புகளில்தான் இருக்கிறது என்பதால் தண்ணீர் மாற்றுவதால் சைக்கிள் கெடாது.

8. பட்டை டெஸ்ட் போதுமா? சொட்டு டெஸ்ட்டில் நிறம் சரியாகத் தெரிவதில்லையே?

தண்ணீரில் தோய்த்து நிறம் பார்க்கும் பட்டைகளில் பெரும்பாலானவற்றில் அம்மோனியா கட்டமே இருக்காது. நமக்கு முதலில் வேண்டியதே அதுதான். சொட்டு டெஸ்ட் கிட்டை வாங்குங்கள்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் முன்னால் வைத்துப் பாருங்கள். குறிப்பில் சொன்ன நிமிடங்கள் ஆகும்வரை காத்திருங்கள். முன்னதாகப் பார்த்தால் குறைவாகத் தெரியும். நைட்ரேட் பாட்டில்களில் ஒன்றின் அடியில் மருந்து படிந்துவிடும் வழக்கம் உண்டு. அதை அரை நிமிடமாவது ஓங்கிக் குலுக்காமல் சொட்டினால் நைட்ரேட் இல்லை என்று பொய் சொல்லும். அம்மோனியாவைக் கட்டிப்போடும் வகை குளோரின் நீக்கியைப் பயன்படுத்தினால், கட்டுண்ட அம்மோனியாவும் டெஸ்ட்டில் எண்ணாகவே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

9. மூன்றாம் நாளே தண்ணீர் வெண்மையாகக் கலங்கிவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கட்டுமா?

வேண்டாம். இது அழுகலை உண்ணும் வேறு வகை பாக்டீரியா தண்ணீரில் திடீரெனப் பெருகுவது. உணவு தீர்ந்ததும் சில நாளில் தானாகத் தெளியும். தெளிந்த தண்ணீரும் சைக்கிள் முடிந்ததற்கு அடையாளம் கிடையாது. அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமில்லை.

10. இரண்டு வாரம் ஆகிவிட்டது, அம்மோனியா இம்மியும் இறங்கவில்லை. எங்கே தவறு?

முதலில், இரண்டு வாரம் என்பது இன்னும் இயல்பான காலம்தான். அதற்கும் மேல் போனால் இவற்றைப் பாருங்கள்: ஏதாவது ஒருமுறை குளோரின் நீக்காத தண்ணீர் போனதா? ஃபில்டரை இரவில் நிறுத்துகிறீர்களா? வெப்பம் 20 டிகிரிக்கும் கீழே கிடக்கிறதா? அம்மோனியா 5 பிபிஎம்முக்கு மேல் நிற்கிறதா? இவை எதுவும் இல்லையென்றால் பிஎச்சை அளந்து 12-ஆம் கேள்வியைப் படியுங்கள்.

11. அம்மோனியா ஒரே நாளில் பூஜ்யமாகிறது. நைட்ரைட் மட்டும் டெஸ்ட் கிட்டின் நிற அட்டையில் கடைசி நிறத்திலேயே நிற்கிறது. இரண்டு வாரமாக இப்படித்தான். மீனை விடலாமா?

விடக் கூடாது. இந்தக் கட்டத்தில்தான் அதிகம் பேர் பொறுமை இழக்கிறார்கள், அதிகம் மீன்கள் பலியாகின்றன. நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போய் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத பொருளாக மாற்றிவிடும். ரத்தம் பழுப்பு நிறமாகும். மேலே வந்து காற்றைக் குடித்தாலும் அந்த ஆக்சிஜனைச் சுமக்க ஆளில்லை.

நைட்ரைட் ஏன் இவ்வளவு ஏறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1 பிபிஎம் அம்மோனியா மாறும்போது ஏறக்குறைய 2.7 பிபிஎம் நைட்ரைட் உண்டாகிறது. நீங்கள் தினமும் 2 பிபிஎம் அம்மோனியா ஊட்டினால் நாளொன்றுக்கு 5 பிபிஎம்முக்கு மேல் நைட்ரைட் சேருகிறது. நான்கே நாளில் 20-ஐத் தாண்டும். உங்கள் கிட்டின் அட்டை 5-இல் முடிந்தால், 5-க்கும் 20-க்கும் ஒரே நிறம்தான். இறங்கத் தொடங்கியிருந்தால்கூட உங்களுக்குத் தெரியாது.

ஆகவே பாதித் தண்ணீரையோ அதற்கு மேலோ மாற்றி, நிறம் அட்டைக்குள் வரும்வரை குறையுங்கள். அம்மோனியா ஊட்டுவதை மூன்று நாளுக்கு ஒருமுறை 1 பிபிஎம் என்று சுருக்குங்கள். உண்மையான எண்ணை அறிய, ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து சோதித்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். கூடவே பிஎச்சும் பார்த்துவிடுங்கள். நைட்ரைட் தேங்கும் தொட்டிகளில் அது சரிந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

12. பிஎச் 7.4 இருந்தது, இப்போது 6 என்று காட்டுகிறது. நான் எதுவுமே செய்யவில்லையே?

பாக்டீரியாதான் செய்தது. அம்மோனியாவை மாற்றும் வேலையில் அமிலம் பிறக்கிறது. தண்ணீரில் உள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை ஏற்றுக்கொண்டு தீர்ந்துகொண்டே வரும். இந்தத் தாங்கும் திறனைத்தான் கேஎச் என்கிறார்கள். அது தீர்ந்ததும் பிஎச் சரியும். 6.5-க்குக் கீழே பாக்டீரியாவின் வேலை தளரும். 6-க்கு அருகில் ஏறக்குறைய நின்றுவிடும். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் நிரப்பியவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும், ஏனென்றால் அதில் தொடக்கத்திலேயே கேஎச் இல்லை.

பாதித் தண்ணீரை மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும். உங்கள் மூலத் தண்ணீரே மென்மையானது என்றால், ஃபில்டரின் அருகே சிறு வலைப்பையில் கொஞ்சம் பவளத் துகள் வையுங்கள். மெல்லக் கரைந்து ஈடுகட்டும். மீன் இல்லாத கட்டத்தில் 20 லிட்டருக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் போடலாம். நாட்டு வாதுமை இலை போடும் ஆசை பெட்டா வளர்ப்பவர்களுக்கு உண்டு, பெட்டாவுக்கு நல்லதும்கூட. ஆனால் அது பிஎச்சைக் கீழே இழுப்பதால் சைக்கிள் முடிந்த பிறகு போடுங்கள்.

அமிலத் தண்ணீரில் இன்னொரு சங்கதி. டெஸ்ட் கிட் காட்டும் மொத்த அம்மோனியாவில் நஞ்சான பகுதி எவ்வளவு என்பதைப் பிஎச் தீர்மானிக்கிறது. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் அது 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேல். ஆகவே மீன் உள்ள தொட்டியில் அம்மோனியா இருக்கும்போது பிஎச்சைத் திடீரென்று ஏற்றாதீர்கள். முதலில் அம்மோனியாவைக் குறையுங்கள்.

13. பாக்டீரியா பாட்டில் ஊற்றினால் அன்றே மீனை விடலாம் என்று எழுதியிருக்கிறதே?

பாட்டிலின் உள்ளே உயிரோடு என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே நீண்ட காலம் நம்பினார்கள். அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த வகைகள் உயிரோடு உள்ள, காலாவதி ஆகாத, வெப்பத்தில் வதங்காத பாட்டில் உண்மையாகவே வாரக்கணக்கில் மிச்சப்படுத்தும். கழிவை உண்ணும் சாதாரண பாக்டீரியா மட்டும் உள்ள பாட்டில் இந்த வேலைக்கு உதவாது.

நான் சொல்வது இவ்வளவுதான்: வாங்கினால் ஊற்றுங்கள், ஆனால் 18-ஆம் கேள்வியில் உள்ள சோதனையில் தேறிய பிறகே மீன். பாட்டில் நல்லதென்றால் அந்தச் சோதனையில் சீக்கிரமே தேறிவிடும்.

14. நண்பரின் பழைய தொட்டியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தால் வேகமாகுமா?

தண்ணீரால் பயனில்லை. ஸ்பாஞ்சைக் கேளுங்கள். நோயில்லாத, பல மாதமாக ஓடும் தொட்டியின் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை, அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைந்தபடி கொண்டுவந்து, உங்கள் ஃபில்டரோடு வைத்துவிடுங்கள். காயவிட்டால் பாக்டீரியா சாகும். ஒரு வாரத்திலோ இரண்டிலோ முடிந்துவிடும் வாய்ப்பு அதிகம். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நம்பகமான குறுக்குவழி இல்லை. அந்தத் தொட்டியில் அண்மையில் மீன்கள் இறந்திருந்தால் மட்டும் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

15. செடி நிறைய வைத்தால் சைக்கிளிங்கே வேண்டாமா?

வேகமாக வளரும் செடிகள் அம்மோனியாவை நேரடியாக உறிஞ்சும். மிதக்கும் செடிகளும் ஹார்ன்வோர்ட் போன்றவையும் தொட்டியை அடைத்து வளர்ந்துகொண்டிருந்தால், ஒரே ஒரு பெட்டாவின் அம்மோனியாவை அவையே சமாளித்துவிடும். ‘வளர்ந்துகொண்டிருந்தால்’ என்பதுதான் நிபந்தனை. நட்ட புதிதில் இலை கரையும் செடி அம்மோனியாவைக் கூட்டும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்ற மெதுவாக வளர்பவை அழகுக்கு நல்லவை, இந்த வேலைக்கு அவற்றை நம்ப வேண்டாம். சத்துள்ள மண் போட்ட தொட்டிகளில் அந்த மண்ணே முதல் சில வாரம் அம்மோனியாவை வெளியிடும். அங்கே தனியாக ஊட்டும் முன் அளந்து பாருங்கள்.

16. இதெல்லாம் தெரியாமல் மீனை விட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

மீனோடு சேர்த்தே சைக்கிளை முடிக்கலாம். உழைப்பு கூடுதல், ஆனால் ஒழுங்காகச் செய்தால் பெட்டா பிழைத்துக்கொள்ளும். தினமும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்துவிடுங்கள். இரண்டின் கூட்டுத்தொகை 0.5 பிபிஎம்மைத் தொட்டால் அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பாதி மாற்றினால் நஞ்சும் பாதியாகும். 1 பிபிஎம் இருந்தால் ஒருமுறை மாற்றி 0.5, சில மணி நேரம் கழித்து மறுபடி மாற்றி 0.25. புதுத் தண்ணீர் அதே வெப்பத்தில், குளோரின் நீக்கப்பட்டு இருக்க வேண்டும். அம்மோனியாவைத் தற்காலிகமாகக் கட்டிப்போடும் வகை மருந்தாக இருந்தால் இந்தக் கட்டத்தில் நல்லது. அதன் பலன் ஓரிரு நாள்தான் என்பதால், அதை ஊற்றிவிட்டுத் தண்ணீர் மாற்றாமல் இருந்துவிடாதீர்கள்.

தீனியைக் குறையுங்கள். ஒரு நாளுக்கு ஒரு வேளை, இரண்டு மூன்று சிறு உருண்டை. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் வளர்ந்த பெட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. மிஞ்சியதை உடனே எடுத்துவிடுங்கள். மிதக்கும் செடி கிடைத்தால் ஒரு கைப்பிடி போடுங்கள்.

நைட்ரைட் தெரியத் தொடங்கினால், அயோடினும் வேறு சேர்ப்புப் பொருள்களும் இல்லாத உப்பை 20 லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஊற்றலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே நுழைவதைத் தடுக்கிறது. தண்ணீர் மாற்றும்போது வெளியேறிய அளவுக்கு மட்டும் மீண்டும் சேருங்கள். ஒன்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்: பயந்துபோய் ஃபில்டரைக் கழுவுவதும் சரளைக்கல்லைத் தேய்ப்பதும். அதுவரை வளர்ந்த பாக்டீரியாவும் போய்விடும்.

17. பெட்டா அடிக்கடி மேலே வந்து வாயைத் திறக்கிறது. அம்மோனியா விஷமா?

2-ஆம் பதிலில் சொன்ன மூச்சு உறுப்புக்காக மேலே வருவது இயல்பு. வந்து ஒரு மிடறு காற்றை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடும். மேலேயே கிடப்பது, செவுள் வேகமாக அடித்துக்கொள்வது, செவுள் சிவந்து வீங்குவது, துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொள்வது, தீனியை மறுப்பது ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். பார்த்ததும் அளந்து, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மருந்துக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

18. முடிந்துவிட்டது என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது?

2 பிபிஎம் அம்மோனியா சேருங்கள். 24 மணி நேரம் கழித்து அளக்கும்போது அம்மோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வர வேண்டும். மறுநாளும் அப்படியே வந்தால் முடிந்தது. 20 லிட்டரில் ஒரு பெட்டா ஒரு நாளில் உண்டாக்குவதைவிட இது பல மடங்கு அதிகம், அதனால் இடைவெளி தாராளமாக இருக்கிறது.

அதற்குள் நைட்ரேட் மிகவும் ஏறியிருக்கும். முக்கால்வாசித் தண்ணீரை மாற்றி, 20 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவந்து, வெப்பம் நிலைத்த பிறகு மீனைக் கொண்டுவாருங்கள். பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்துவிட்டு, மீனை மட்டும் ஒரு கோப்பையால் எடுத்து விடுங்கள். வலையில் துடுப்பு கிழியும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

19. சைக்கிள் முடிந்துவிட்டது, ஆனால் மீன் கிடைக்க இன்னும் இரண்டு வாரமாகும்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 1 பிபிஎம் அம்மோனியா கொடுத்துவாருங்கள். மீன் வருவதற்கு முதல் நாள் தண்ணீர் மாற்றினால் போதும்.

20. என்னிடம் இருப்பது ஃபில்டர் இல்லாத 4 லிட்டர் கண்ணாடிக் கிண்ணம். அதை எப்படிச் சைக்கிள் செய்வது?

சைக்கிள் செய்து நம்பும் அளவுக்கு அதில் பரப்பும் இல்லை, நீரோட்டமும் இல்லை. அம்மோனியாவை உங்கள் கைதான் அகற்ற வேண்டும். அதாவது மீன் வாழும்வரை, ஓரிரு நாளுக்கு ஒருமுறை பெரிய அளவில் தண்ணீர் மாற்ற வேண்டும். வெப்பத்தையும் நிலையாக வைக்க முடியாது. இதைச் சொல்வது சிலருக்கு வருத்தம் தருகிறது, ஆனாலும் சொல்கிறேன்: அந்தக் கிண்ணத்தில் செடி வையுங்கள், பெட்டாவுக்கு 20 லிட்டர் தொட்டி வாங்குங்கள்.

21. அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட்டும் பூஜ்யம். இது எப்படி?

செடிகள் செழித்த தொட்டி என்றால் அவை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். செடியே இல்லையென்றால் 8-இல் சொன்னபடி நைட்ரேட் பாட்டிலைக் குலுக்கி மறுபடி சோதியுங்கள். அப்போதும் பூஜ்யம் என்றால் தொட்டிக்கு அம்மோனியாவே ஊட்டப்படவில்லை, சைக்கிள் தொடங்கவேயில்லை. 18-ஆம் சோதனை இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

22. மீன் விட்டு இரண்டு மாதம் நன்றாக இருந்தது. திடீரென்று அம்மோனியா 0.5 காட்டுகிறது. சைக்கிள் உடைந்துவிட்டதா?

அண்மையில் ஃபில்டரை என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவியிருந்தாலோ, பழையதைத் தூக்கிப்போட்டுப் புதியதை மாட்டியிருந்தாலோ, பாக்டீரியாவின் பெரும்பகுதி அதோடு போயிருக்கும். ஸ்பாஞ்சைக் கழுவ ஒரே முறைதான்: தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிவது. பழுப்பு நிறம் கொஞ்சம் தங்கினால் தங்கட்டும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதையும் புதியதையும் ஒரு மாதம் சேர்த்து ஓடவிடுங்கள்.

இறந்த நத்தை, அழுகும் செடி, வேறொருவர் அள்ளிப்போட்ட தீனி ஆகியவையும் காரணமாகலாம். எதுவானாலும் 16-இல் சொன்ன முறைக்குத் திரும்புங்கள். மீதமிருக்கும் பாக்டீரியா மீண்டும் பெருக முதல் முறை அளவுக்கு நாளாகாது.

23. மின்சாரம் ஆறு மணி நேரம் இல்லை. மருந்தும் போட வேண்டியிருந்தது. எல்லாம் போயிற்றா?

ஆறு மணி நேரத்தில் போய்விடாது. நீரோட்டம் நின்றால் ஸ்பாஞ்சுக்குள் ஆக்சிஜன் குறையும். அதை வெளியே எடுத்துத் தொட்டியில் நீரோட்டம் படும்படி அசைத்துக் கொடுப்பதோ, பேட்டரியில் ஓடும் ஏர் பம்பை மாட்டுவதோ உதவும். ஒரு நாளுக்கு மேல் நின்றுபோனால், மூடிய பெட்டிக்குள் இருக்கும் ஃபில்டரை அப்படியே ஓட்டாதீர்கள். உள்ளே தேங்கி அழுகிய தண்ணீரைக் கொட்டி, தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள்.

மருந்து வேறு விஷயம். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்குகள் நோய்க்கிருமியையும் நம் பாக்டீரியாவையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பெட்டாவுக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் தனி வாளியில், ஹீட்டரோடு, தினமும் தண்ணீர் மாற்றிச் செய்யுங்கள். மீன் அங்கே இருக்கும் நாட்களில் தொட்டியின் ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கட்டும். அதற்கு 19-இல் சொன்னபடி அம்மோனியா கொடுத்துவாருங்கள். மீன் திரும்புவதற்கு முன் ஒருமுறை அளந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.